பெருவிரலும் பெயர்ச்சீட்டும்

கைநாட்டு! எழுத்தறியாதவரை எள்ளி நகையாட நாட்டிலே வழங்கும் சொல். அந்தக் கைநாட்டையே தம் கலைக்குக் காவலாக்கிக் கொண்டார் பாரிஸ் நகரத்துத் தையற்கலைஞர் மதலேன் வியோனே அம்மையார். 1876-இல் பிறந்தவர், 11 வயதிலேயே ஊசி பிடித்தவர், 1912-இல் தமக்கெனத் தனி நிலையம் கண்டவர். அவர் படைத்த ஆடைகளைப் பார்த்துப் போலி செய்து விற்றனர் பிறர். எனவே, பெயர்ச்சீட்டிலே கையொப்பத்தோடு தம் பெருவிரல் ரேகையையும் பதித்தார்.

ஆடையைக் கண்டு அதை ஆக்கியவரை அறியலாமா? அறியலாம் என்பர் சிலர். துயருற்றவர் கறுப்பிலே தைப்பாராம், மகிழ்ந்தவர் சிவப்பிலே தைப்பாராம்! கிளிச் சோதிடத்துக்குத் தம்பி இது. நாம் ஏற்பதற்கில்லை.

அம்மையாரின் ஆளுமையைத் தேடவேண்டிய இடம் வேறு. அந்நாளில் ஐரோப்பியப் பெண்ணின் இடையை கார்செட் எனும் கச்சினால் இறுக்கினர். மூச்சு முட்டினாலும் முகம் மலரவேண்டும்! அந்தக் கொடுமையைக் கழற்றி எறிந்தோருள் முன் நின்றவர் அவர். சிறு மரப்பொம்மை ஒன்றின்மேல் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தே ஆடையை உருவாக்கினார். இழையின் நேர்வாக்கில் வெட்டாமல் மூலைவாட்டமாக வெட்டினார். 'கிராஸ்' என்பாரே நம் தையற்காரர், அதுதான். அப்படி வெட்டிய துணி இழுத்தால் இணங்கும். உடல் அசைந்தால் உடன் அசையும்.

பணிமனைக்குள்ளும் நுழைந்து பார்ப்போம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்த காலம் உண்டு. சாய இடமில்லா முக்காலியில் குந்தித் தையற்பெண்கள் கூனிப்போன அக்காலத்தில், முதுகு சாய்க்க நாற்காலி போட்டார். ஊதியத்தோடு விடுமுறை தந்தார். மருத்துவரை அமர்த்தினார், பல் மருத்துவர் உட்பட! அணிபவளின் இடையை இறுக்க மறுத்த அதே உள்ளம், தைப்பவளின் முதுகை முறிக்கவும் மறுத்தது. ஆக்கியவர் ஆளுமை ஆடையிலே தெரிகிறதென்றால், இந்தப் பொருளில்தான் என்போம். ஆடையிலே தெரிவதும் பாதிதான். மறுபாதி அந்த நாற்காலியில் இருந்தது.

ஆயினும் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. ஆயிரம் பெண்களின் விரல்கள் ஊசிக்குத்துப் பட்டு உழைக்க, சீட்டிலே பதிந்தது ஒரே பெருவிரல்! எண்ணம் அவருடையது, ஆகவே பெயரும் அவருக்கே என்பர். எண்ணத்துக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. மூலைவாட்டமாக வெட்டிய பட்டு, கைக்கு அடங்காமல் நழுவும். அதை நெளியாமல் தைத்து முடித்த கைக்கு ஆளுமை இல்லையா? நாற்காலி தந்தவர் சீட்டிலே இடம் தரவில்லை. 11 வயதில் பெயரற்று ஊசி பிடித்த சிறுமியை அவரே மறந்தாரோ?

1939-இல் அந்த நிலையம் மூடப்பட்டது. 1975-இல் அம்மையார் மறைந்தார்.

2013 ஏப்ரல் 24 அன்று, வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே, ரானா பிளாசா எனும் கட்டடம் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; ஆடை தைத்த பெண்களே மிகப் பலர். முந்திய நாளே விரிசல் கண்ட கட்டடத்துக்குள் அவர்களை வேலைக்கு அனுப்பினர். இடிபாடுகளிலே மேலைநாட்டு நிறுவனங்களின் பெயர்ச்சீட்டுகள் கிடந்தன. தங்கள் ஆடை அங்கே தைக்கப்பட்டதே தங்களுக்குத் தெரியாது என்று சில நிறுவனங்கள் கூறின. பெருவிரல் பதித்த அம்மையாரால் அப்படிக் கூறியிருக்க முடியாது.