யாருக்குப் பொது?

ஒத்தக்கடையில் குடியிருப்பவனுக்கு மலை புதிதல்ல. வாசற்கதவைத் திறந்தால் யானைமலை படுத்திருக்கிறது. கி.பி. 770-இல் பாண்டியனின் அமைச்சன் மாறன்காரி தொடங்கி, அவன் தம்பி முடித்துவைத்த நரசிங்கப் பெருமாள் குடைவரைக்கு நாங்கள் நடந்தே போய் வருகிறோம். அதனால்தானோ என்னவோ, சென்ற கோடையில் உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவில் டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றபோது எனக்குச் சற்று வேடிக்கையாக இருந்தது.

உள்ளே போனதும் வேடிக்கை மறைந்து வியப்பு வந்துவிட்டது. 1840-களில் அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள், மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறி பயிரிட்டுக்கொண்ட இடம் அது. 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வந்த மெக்ஐவர், சதுப்பும் காடுமாய்க் கிடந்த சரிவை ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பாடுபட்டுத் திருத்தினார். பின்னால் மேட்டின்மேல் கவர்னரின் கோடை மாளிகையும் எழுந்தது. துரைமாரும் துரைசானிமாரும் உலாவிய புல்தரையில் இன்று நம் மேலூர்க் குழந்தைகள் உருண்டு விளையாடுகின்றன. இதைவிட நல்ல நீதி வேறு என்ன வேண்டும் என்று எண்ணிக்கொண்டே மேலே ஏறினேன்.

ஏறாமல் இருந்திருக்கலாம். பூங்காவின் உச்சியில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. அரைப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போன்ற குடிசை. அதனருகே ஒரு பாட்டி, வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருந்தாள். என் பேரன் கேட்டான்: "தாத்தா, இவங்களும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வரணுமா?"

என்ன சொல்வது? 1820-களில் கோயமுத்தூர்க் கலெக்டர் சல்லிவன், ஏக்கர் ஒரு ரூபாய் என்று தோடரிடம் நிலம் வாங்கிக் கல் பங்களா கட்டியதாகச் சொல்லப்படும் கதையையா? அதே சல்லிவன் பின்னாளில், மலை தோடருக்கே உரியது என்று கும்பினியாரிடம் வாதாடினார். மனிதர்களை ஒரே நிறத்தில் தீட்ட முடிவதில்லை.

தோட்டம் பொதுவாகிவிட்டது என்று மகிழ்ந்தேனே, யாருக்குப் பொது? துரையிடமிருந்து அது நம் கைக்கு வந்தது. துரை யாரிடம் பெற்றானோ, அவர்கள் கைக்குத் திரும்பவில்லை. மெக்ஐவரின் உழைப்பு பொய்யல்ல. அந்தக் குழந்தைகளின் சிரிப்பும் பொய்யல்ல. ஆனால் பாட்டியின் கணக்கை அவை எப்படித் தீர்க்கும்?

2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது எங்கள் ஊரார் திரண்டு மறுத்தார்கள். நானும் கூட்டத்தில் நின்றேன். "எல்லாருக்கும் பயன்படுமே" என்றவர்களிடம், "இது எங்கள் மலை" என்று தொண்டை கிழியச் சொன்னேன். எனக்குப் பட்டா கிடையாது. பார்த்துப் பழகிய உரிமைதான். அந்த உரிமை எனக்கு உண்டென்றால் பாட்டிக்கு இல்லையா? அவளுக்கும் உண்டென்றால், கீழே புல்லில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேனே, யாரைக் கேட்டு உட்கார்ந்தேன்?

என் மனைவி ஒரு சால்வைக்கு விலை கேட்டாள். கீரைக்கட்டுக்குக் கூடப் பேரம் பேசுகிறவள், சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு நடந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பேரனுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.