வீழ்ந்தவனை ஒட்டும் கை

கோடை விடுமுறையில் ஒரு மாலை, நம் பங்கின் மறைக்கல்விச் சிறாருக்கு மண்டபச் சுவரில் கார்ட்டூன் படம் ஒன்று காட்டினோம். எமில் கோல் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1908-இல் உருவாக்கிய ‘ஃபாண்டாஸ்மகோரி’ அது. அந்நாளில் நம் காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடியே பறந்தது. ஏறத்தாழ 700 படங்களைக் கையால் வரைந்து அவர் அமைத்த அப்படம் இரண்டு நிமிடம்கூட ஓடாது. கரும்பலகையில் சுண்ணக்கோடு போல ஒரு கோமாளி தோன்றுகிறான், புட்டி பூவாகிறது, எது எதுவாகும் என்று எவராலும் சொல்ல இயலாது. கோமாளி விழ விழச் சிறார் குலுங்கிச் சிரித்தனர்.

படம் முடிந்ததும் ஒரு சிறுவன் மின்கம்பி தடுக்கி விழுந்தான். மண்டபம் அதே சிரிப்பைச் சிரித்தது. நாமும் புன்னகைத்துவிட்டோம். முழங்காலில் இரத்தம் கசிய அவன் தனியே வெளியேறினான். ஒரே சிரிப்பு முன்னர் குற்றமற்றதாகவும் பின்னர் குற்றமாகவும் ஆனது எப்படி?

படத்தின்மேல் பழிபோடுவது எளிது. ஆனால் கோட்டுருவத்துக்கு நோவில்லை, சாவில்லை. 1940-இல் பிறந்த டாம் என்னும் பூனை தட்டையாக நசுங்கினாலும் மறுநொடி எழுந்து ஓடும். குழந்தை சிரிப்பது துன்பத்தைக் கண்டன்று. அடுத்து என்ன நேரும் என்ற புதுமையைக் கண்டே. மனத்துக்கும் இளைப்பாறுதல் தேவை, அதனை விளையாட்டு தருகிறது என்று கற்பித்த புனித தோமா அக்குவினாஸ், அந்த இன்பம் பிறருக்குத் தீங்கிழைப்பதில் தேடப்படலாகாது என்றும் வரம்பு கட்டினார். நம் தவறு சிரித்ததில் இல்லை. சுவரிலிருந்து தரைக்குத் திரும்பியபின்னும் பார்வையை மாற்றாததில் இருக்கிறது.

அப்படத்திலேயே இதற்கு விடையும் உண்டு. கோமாளி விழுந்து தலை வேறு உடல் வேறாகும்போது, வரைந்தவரின் கைகளே படத்துக்குள் வந்து அவனை ஒட்டி எழுப்புகின்றன. படைத்தவன் தன் படைப்பைக் கைவிடுவதில்லை என்பதை இதைவிட எளிதாக எந்த மறையுரையில் சொல்வோம்? தரையில் விழுந்தவனுக்கோ அக்கைகள் நம்முடையவையாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவன் சற்றே நாணி, “அந்தக் கோமாளிப் படத்தை இன்னொரு தடவ போடுவீங்களா, சாமி?” என்றான்.

போட்டோம். இம்முறை மின்கம்பியைச் சுவரோரமாக இழுத்துக் கட்டியபின்.