கடைசிப் பிடி

பொறுமை என்பது மனிதனுடைய குணமா, அல்லது படி, மரக்கால் மாதிரி ஓர் அளவா? பட்டினப்பாக்கத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் நின்றபோது எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது.

கார்த்திகை மாதத்து மாலை. கடலுக்கு மேலே கார்த்திகைக் கூட்டம் ஏறியிருந்தது. ஆறு மீன் என்கிறோம். ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் 10, 12 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மேகத்தில் பிறந்த உடன்பிறப்புகள். வயது ஒன்று; ஆயுள் ஒன்றல்ல. கனத்துப் பிறந்தது அவசரமாக எரிந்து தீர்கிறது. இப்படி ஒரே வயதுக் கூட்டங்கள் இருப்பதால்தான், எந்த எடைக்கு எந்தச் சாவு என்று வானநூலாரால் கணக்கிட முடிகிறது. சூரியனைப்போல் சுமார் 8 மடங்குக்கு மேல் கனத்தது வெடித்துச் சாகும். குறைந்தது பூமியளவு உருண்டையாகச் சுருங்கி, வெள்ளைக் குள்ளனாக அடங்கும்.

அடங்கியது அடங்கியே கிடக்குமா? பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருந்து, தன் வாயுவை அதன் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தால் கிடக்காது. சூரியனைப்போல் 1.4 மடங்குதான் அது தாங்கும் எல்லை. அதை நெருங்கினால் சுக்குநூறாகச் சிதறிவிடும்.

அந்த எல்லையைக் கணக்கிட்டவர் நம் மயிலாப்பூர்ப் பையன் சந்திரசேகர். 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் போட்ட கணக்கு. 1935 ஜனவரியில் லண்டனில், அறிஞர் சபை நடுவே, எடிங்டன் என்ற மேதை அதைக் கேலி செய்தார். சபை சிரித்தது. இவர் வெடிக்கவில்லை. 1939-ல் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். 1944-ல் எடிங்டன் காலமானபோது அவரைப் புகழ்ந்தே பேசினார். நோபல் பரிசு வந்தது 1983-ல். பொறுமைக்கு உதாரணம் என்று மேடையில் சொல்வார்கள். எனக்கென்னவோ, பாரத்தை இறக்கிவைக்க அவருக்கு வேறு இடம் இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

அக்காவுக்கு அது இல்லை. 22 வருஷம் அம்மாவைத் தனியாகப் பார்த்துக்கொண்டாள். அண்ணாவுக்கு உத்தியோகத்தில் மாற்றல், தங்கைக்குக் குழந்தைகள், எனக்கு எழுத்து! "அடுத்த மாதம் அம்மாவை அழைத்துப் போகிறேன்" என்று எத்தனை தடவை சொன்னேனோ. அம்மா போன பிறகு வந்த தீபாவளியன்று, இலையில் உட்கார்ந்துகொண்டு, "ரசம் அம்மா வைத்தது மாதிரி இல்லையே" என்றேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். மூன்று வருஷம் எங்களில் யாரோடும் பேசவில்லை. "கேவலம், ஒரு ரசத்துக்காகவா?" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரசம் கடைசிப் பிடி. முன்னால் கொட்டிய பிடிகளை நான் எண்ணவே இல்லை. கொட்டுகிற நட்சத்திரத்தின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு வேறு வழி தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா காபியோடு மாடிக்கு வந்தாள்.

"என்னடா பார்க்கிறே?"

"கார்த்திகை. அக்கா, அன்றைக்கு அந்த ரசம்..."

"காபி ஆறிடும், குடி" என்றாள். பிறகு வானத்தைப் பார்த்து, விரலை மடக்கி ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள்.