பழகிய செவியே அகத்தைக் காணும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சினமும் மகிழ்வும் முகத்தில் தோன்றுவது உண்மைதான். ஆனால் ஒரு மனிதரின் பண்பு முழுவதையும் முகத்திலேயே படித்துவிடலாமா? ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயர்ந்த தோற்றத்தைக் கண்டு, ஆண்டவர் தெரிந்துகொண்டவர் இவரே என்று இறைவாக்கினர் சாமுவேலும் எண்ணிவிட்டார். இறைவாக்கினரின் கண்ணே தடுமாறியதெனின், நம் கண்கள் எம்மாத்திரம்?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1862-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் மெரிக் என்பவரின் வாழ்வை இங்கு எண்ணிப் பார்ப்போம். சிறு வயதிலேயே அவரது தலையும் முகமும் வலக்கையும் அளவின்றிப் பெருத்து உருக்குலைந்தன. பேச்சும் பிறருக்கு எளிதில் விளங்காதவாறு குழறியது. பிழைக்க வழியின்றி ஏழையர் விடுதியில் தங்கிய அவர், 1884-இல் 'யானை மனிதன்' என்ற பெயரில் காசுக்குக் காட்டப்படும் காட்சிப்பொருளானார். அப்போது அவரைக் கண்ட அறுவை மருத்துவர் பிரெடரிக் திரீவ்ஸ், அவரை அறிவு வளர்ச்சியற்றவர் என்றே கருதினார். தம் நிலையை உணரும் ஆற்றல் இல்லாதிருப்பதே இவருக்கு நல்லது என்றும் நினைத்தார். மருத்துவர் கொடியவர் அல்லர்; இரக்கமுள்ளவர். அந்த இரக்கமும் தோற்றத்தைக் கண்டே தீர்ப்பிட்டது.

1886-இல் மெரிக்கிற்கு இலண்டன் மருத்துவமனையில் அடைக்கலம் கிடைத்தது. திரீவ்ஸ் அடிக்கடி அவரருகே அமர்ந்து உரையாடினார். நாளடைவில் அந்தக் குழறல் மொழி மருத்துவரின் செவிக்குப் பழகியது. அதன் பின்னரே, கூரிய அறிவும் நூல்களின் மீது பெருவிருப்பமும், துன்புறுத்தியோர் மீதும் கசப்புக் கொள்ளாத மென்மையும் உடைய ஒரு மனிதரை அவர் கண்டுகொண்டார். அந்த முகத்தால் அழ இயன்றது, புன்னகைக்க இயலவில்லை. இளம் கைம்பெண் ஒருவர் புன்முறுவலுடன் வந்து கைகுலுக்கியபோது மெரிக் தேம்பி அழுதார். 1890-இல், 27-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இந்நான்கு ஆண்டுகளில் மெரிக்கின் முகம் சீராகவில்லை. மருத்துவரின் செவிதான் பழகியது. அகத்தைக் காண்பது கூரிய பார்வையால் அன்று, பொறுமையால் ஆவது என்பதை இதனின்று உணர்கிறோம். கண்டவுடன் ஆளை அளந்துவிடுவேன் என்று பெருமை பேசுவோரும் தோற்றத்தையே நம்புகின்றனர். கந்தை அணிந்தவரெல்லாம் நல்லவர், பட்டு உடுத்தியவரெல்லாம் செருக்கர் என்று முடிவு கட்டுவதும் அதே குற்றமே.

எல்லாரிடமும் நெடுநாள் பழக நமக்கு நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நேரமில்லாதபோது, தீர்ப்பிடாதிருக்க நம்மால் இயலுமே! பெண் பார்க்கச் செல்லும் இல்லத்தில், அரை மணி நேரத்தில் நிறத்தையும் உயரத்தையும் கண்டு, 'இவள் நமக்கு ஏற்றவள் அல்லள்' என்று எழுந்து வருகிறோமே, அங்கு நாம் அறிந்தது எதை? அந்தப் பெண் சொல்ல நினைத்த ஒரு சொல்லையேனும் கேட்டோமா?

உள்ளத்தை முழுவதும் அறிபவர் இறைவன் ஒருவரே. நம்மால் இயல்வது, அருகில் அமர்ந்து செவிசாய்ப்பது. நம் தெருவிலும், ஏன், நம் இல்லத்திலும்கூட, யாருடைய பேச்சுக்கு நம் செவி இன்னும் பழகவில்லை என எண்ணிப் பார்ப்போம். அவரிடமிருந்தே தொடங்குவோம்.