தழும்பில்லாத கவசம்

சென்ற கோடையில் நெய்வேலியில் என் அக்காள் வீட்டு முன்னறையில் ஒரு சிப்பாய் துண்டு துண்டாகக் கிடந்தான். தாடை ஒரு மூலையில், முழங்கால் ஒரு மூலையில், மார்பு சுவரில் சாய்ந்தபடி. எல்லாம் வெள்ளைப் பிளாஸ்டிக். இருபத்திரண்டு வயதான அக்காள் மகன் அவனை ஒட்டிச் சேர்த்துக்கொண்டிருந்தான். 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் பேரரசின் ஏவலுக்குச் சுடுகிற, முகம் தெரியாத வெள்ளைக் கவசக்காரர்களில் ஒருவன். 2024-இல் சென்னையில் முதல் தடவையாக காமிக் கான் நடந்தபோது போய்ப் பார்த்துவிட்டு வந்த பையன், இனிமேல் பார்வையாளனாகப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தான்.

விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒருவன் தன் முதல் கவசத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதையோ ஒப்புக்கொள்கிறான் என்று எனக்குப் பட்டது. நாயகனை விட்டுவிட்டு ஏன் இவன்? கேட்டேன். "ஹீரோவுக்கு மூஞ்சி வேணும் மாமா. இதுக்கு ஒசரம் இருந்தாப் போதும்" என்றான். தெருக்களும் வீடுகளும் ஒரே அச்சாக, வட்டங்களுக்குப் பெயருக்குப் பதில் எண்ணிட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு இந்தப் பதில் இயல்பாகவே வந்திருக்கலாம். அதிகம் அர்த்தப்படுத்த வேண்டியதில்லை.

வேலை அசாத்தியமானது. துண்டுகள் அச்சில் வார்த்த தகடுகளாகவே வருகின்றன. வெட்ட வேண்டிய கோடு எது என்பது அவற்றில் இருப்பதில்லை. முதலில் குறைவாக வெட்ட வேண்டும், அதிகமாக வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. இரு விளிம்புகளை நேருக்கு நேர் சேர்த்து, உட்புறம் அதே பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை ஒட்டி, பசை இறுகும்வரை காந்தங்களால் ஒருநாள் கவ்விவைக்க வேண்டும். காலும் கையும் தன் அளவுக்குக் குறுக வேண்டும். ஸ்பாஞ்சு போன்ற ஃபோம் ஷீட்டில் வெட்டிச் செய்வது எளிது, செலவும் குறைவு. முதல் முயற்சிக்கு அதுதான் நல்லது என்று பலர் சொல்லியும் இவன் கேட்கவில்லை. ஃபோமில் செய்தால் அது 'மாதிரி' ஆகிவிடுமாம்.

இந்த 'மாதிரி' என்ற சொல்லில்தான் பிரச்னையே இருக்கிறது. எதன் மாதிரி? மூலக் கவசமும் பிளாஸ்டிக்தான். 1976-இல் அதை இங்கிலாந்தில் வார்த்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். படப்பிடிப்புக்கென்று செய்த அந்த ஹெல்மெட்டுகளில் முகம் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை. கோடுகள் கையால் தீட்டியவை. இன்றைய ஆர்வலர்கள் அந்தக் கோணலையும் விடாமல் பெயர்க்கிறார்கள். திருத்தி நேராக்கிய முகத்துக்கு அவர்களிடையே மதிப்பில்லை. 1997-இல் அமெரிக்காவில் ரசிகர்கள் தொடங்கிய '501-வது படையணி'யில் சேர, கவசத்தின் ஒவ்வொரு அங்கமும் குறித்துவைத்த லட்சணங்களோடு ஒத்துப்போக வேண்டும். ஆக, ஒரு பொய்க் கவசத்துக்கு மெய்யான நகல். எந்த வாளையும் தடுத்திராத பொருளிடம் இத்தனை விசுவாசம்.

இதே ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் ஹெல்மெட்டுகளைத் தாமே விற்கத் தொடங்கியபோது, படக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. ஹெல்மெட் ஒரு சிற்பம், ஆகவே பதிப்புரிமை உண்டு என்பது கம்பெனியின் வாதம். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2011-இல் மறுத்துவிட்டது. கலைப்படைப்பு என்பது படம். ஹெல்மெட் படமெடுக்கும் காரியத்தில் பயன்பட்ட பொருள். நம் விமர்சகர்கள் உருவம், உள்ளடக்கம் என்று வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டதை நீதிபதிகள் இவ்வளவு சுலபமாக முடித்துவிட்டார்கள். எனக்குச் சம்மதமில்லை. படத்தில் அது பயன்பட்ட பொருளாக இருக்கட்டும். படமில்லாத ஒரு முன்னறையில், எட்டு வாரம் ஒருவன் விளிம்பு தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது என்ன காரியத்தில் பயன்படுகிறது?

நெய்வேலியிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம், கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்தைப் பார்த்தால் போதும். கட்டை வேஷக்காரருக்குப் புஜக்கட்டை, மார்பதக்கம், கிரீடம் எல்லாம் கனமில்லாத மரத்தில் கடைந்து கண்ணாடித் துண்டு பதித்தவை. கயிற்றால் இறுக்கிக் கட்ட இன்னொருவர் வேண்டும். கட்டியபின் நடை மாறுகிறது, குரல் மாறுகிறது. கர்ண மோட்சம் ஆடும் இரவில் இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கதைப்படி கர்ணன் கவச குண்டலத்தை இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்தாயிற்று. போருக்கு வெற்றுடம்போடு வருகிறவன் அவன். கூத்திலோ முழுக் கட்டையோடு வந்து நிற்கிறான். கூட்டத்தில் யாருக்கும் இது உறுத்துவதில்லை. கட்டை கவசமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஆளின் அந்தஸ்து. இரும்பைப் போல் இருக்க அது முயல்வதில்லை. பையனின் கவசத்துக்கு அந்த விடுதலை இல்லை. அது ஒன்றைப் போலவே இருந்தாக வேண்டும்.

சிக்கல் கடைசி வாரத்தில்தான் வந்தது. பளபளவென்று இருந்தால் பொம்மை மாதிரி இருக்கிறது, கொஞ்சம் அழுக்கும் கீறலும் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அந்தப் படத்திலேயே பாலைவனச் சிப்பாய்களின் கவசம் அழுக்குப் பிடித்ததுதான். வண்ணம் எதற்கு, பழுப்பு நிலக்கரித் தூள் இங்கேயே கிடைக்குமே என்றான். அவன் அப்பா இரண்டாம் அனல்மின் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய பழைய மஞ்சள் ஹெல்மெட் பரணில் இருக்கிறது, குனிந்து நிமிர்ந்தபோதெல்லாம் குழாயில் இடித்த கீறல்களோடு. அந்தக் கீறல்களைப் பார்த்து வரைந்துகொள்ளலாமா என்றும் கேட்டான்.

"வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. 2020 மே 7-இலும் ஜூலை 1-இலும் அந்த நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நடந்தன. ஹெல்மெட்டும் பூட்ஸும் போட்டவர்கள் செத்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களில் உண்டு.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டு எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி மயில்பீலி சூட்டி அரண்மனையில் இருக்கின்றன, அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று ஔவை புகழ்வதுபோல் ஏளனம் செய்கிறாள். ஆனால் தொண்டைமான்கூடத் தன் வேலை முறித்துவைத்துக்கொண்டு போரில் முறிந்ததாகக் காட்டவில்லை. பளபளப்பில் ஒரு யோக்கியம் இருக்கிறது. போலித் தழும்பு அடுத்தவன் அனுபவத்தைத் திருடுவது என்றே நான் பையனிடம் வாதாடினேன்.

அவன் விடவில்லை. "நாவல்ல சுரங்கத்துக்காரன் சாவை எழுதுறவங்க சுரங்கத்துல வேலை பார்த்தவங்களா மாமா?" என்றான். பதில் சொல்லத் தடுமாறினேன். எழுதுகிறவன் தன் உடம்பில் தழும்பு இருப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே, அப்படிச் சொல்லிக்கொள்கிற சிலர் ஞாபகத்துக்கு வந்தார்கள். என்னுடைய இரண்டு கதைகளும்தான்.

"அப்பாவுக்கு ஹெல்மெட்டைக் கையில குடுத்துப் போட்டுக்கச் சொன்னாங்க. இது நானா வெட்டினது" என்றும் சொன்னான். இது வாதமல்ல, ஆனாலும் என்னால் தள்ள முடியவில்லை.

நான் கிளம்பிய அன்று முதல் தடவையாக எல்லாவற்றையும் மாட்டிப்பார்த்தான். உட்கார முடியவில்லை. முகமூடிக்குள் வியர்த்துக் கொட்டி, கண்ணாடியில் ஆவி படிந்தது. முதுகுப் பக்கத்துப் பொத்தான் கைக்கு எட்டவில்லை. அக்காள் கணவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து போய் மாட்டிவிட்டார். கவசம் அன்று வெள்ளையாகத்தான் இருந்தது.