பாராட்டும் நிய்யத்தும்

 

புதுவை முல்லா வீதியிலிருந்தும் சுற்றுத் தெருக்களிலிருந்தும் நம் பிள்ளைகள் கல்லூரி செல்கிறார்கள். 1969-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து தொண்டு செய்கிறார்கள். அதில் சிறந்தோருக்கு மத்திய அரசு விருதும் தருகிறது. தொண்டுக்குப் பரிசு பெறலாமா, அது அமலைப் பாழாக்காதா என்ற ஐயம் எழுவது இயல்பே.

அமல்கள் யாவும் நிய்யத்தைப் பொறுத்தவை என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஷஹீத், ஆலிம், கொடையாளி ஆகிய மூவரும் பிறர் புகழவேண்டுமென்றே செய்திருந்தால், மறுமையில் முதலில் விசாரிக்கப்பட்டு நரகில் எறியப்படுவார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நெஞ்சு நடுங்குகிறதல்லவா?

ஆனால், ஒருவர் நற்செயல் புரிய, மக்கள் அவரைப் புகழ்ந்தால் என்னவென்று கேட்கப்பட்டபோது, அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என அதே நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஆகவே, புகழ் தானே வந்து சேர்வது குற்றமன்று. அதைத் தேடி அமல் செய்வதே குற்றம்.

நமக்குத் தொலைவில்லாத திருவண்ணாமலையைப் பாருங்கள். பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரி வண்டிக்காரர் கரியை எரிப்பதையும் எரிந்த கரியைக் கொட்டுவதையும் கண்டார். சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம். அதற்காக 2020-ல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு பெற்றார். 2021-ல் இளவரசர் வில்லியம் நிறுவிய எர்த்ஷாட் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றார். அப்பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அதனால் வண்டியின் பயன் குறைந்துவிட்டதா? இல்லையே! தெருவோரத்து உழைப்பாளியின் சிரமத்தைக் கண்டதில் தொடங்கிய வேலை அது. பரிசு பின்னால் வந்தது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நமக்கு இதில் படிப்பினை உண்டு.

பெற்றோரே! பிள்ளை சான்றிதழோடு வீடு வந்தால், "மார்க் எங்கே?" என்று அலட்சியம் செய்யாதீர்கள். மனிதருக்கு நன்றி காட்டாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி காட்டாதவரே என்கிறது ஹதீஸ். அதற்காக, வருவோர் போவோரிடமெல்லாம் அதைக் காட்டி, முகஸ்துதியைப் பழக்கிவிடவும் வேண்டாம். "இதனால் யாருக்கு என்ன நன்மை கிடைத்தது?" என்று முதலில் கேளுங்கள். பரிசு கிடைக்காத ஆண்டிலும் அந்தத் தொண்டு தொடர்கிறதா என்று கவனியுங்கள். இக்லாஸுக்கு அதுவே உரைகல்.

நம் மக்களின் உழைப்பைப் பிறருக்குப் பயனுள்ளதாகவும், அவர்களின் நிய்யத்தைத் தூய்மையானதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.