தார்ப்பாயின் இரண்டாம் பிழைப்பு

சூரிச் நகரத்தின் ஹார்ட்புரூக்கே மேம்பாலத்தில் அன்று லாரிகளின் ஓட்டம் ஓய்ந்ததில்லை. 1993இல் அதன் பக்கத்தில் குடியிருந்த மார்க்குஸ் ஃபிரைட்டாக், டேனியல் ஃபிரைட்டாக் என்ற சகோதரர்கள் வடிவமைப்பு வேலை செய்தவர்கள். சைக்கிளில் போய் வருகிறவர்கள். வரைந்த தாள்கள் மழையில் நனையாமலிருக்க அவர்களுக்கு ஒரு பை தேவைப்பட்டது. கண்ணெதிரே வண்ண வண்ணத் தார்ப்பாய்கள் போய்க்கொண்டே இருந்தன.

பழைய தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து குளியல் தொட்டியில் கழுவினார்கள். வெட்டிப் பையாகத் தைத்தார்கள். ஓரத்துக்குச் சைக்கிள் டியூப், தோளில் மாட்ட கார் சீட் பெல்ட்.

*

இந்தப் பையில் என்னைப் பிடித்து நிறுத்துவது இதுதான்: எந்தப் பொருளும் தன் தொழிலை விடவில்லை. மழையைத் தடுத்த தார்ப்பாய் இப்போதும் மழையைத் தடுக்கிறது. ஆளைத் தாங்கிய பெல்ட் சுமையைத் தாங்குகிறது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி நூலாக்கும்போது பாட்டில் தன்னை முழுக்க மறந்துவிடுகிறது. இங்கே மறதி இல்லை. உராய்ந்த கோடு, மங்கிய சிவப்பு, பாதி அறுபட்ட ஒரு எழுத்து எல்லாம் அப்படியே தோளில் தொங்குகின்றன. கழுவிய பிறகும் கொஞ்ச நாள் வாசனைகூட இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அது நேர்மையாகப் படுகிறது.

*

அந்த ஒரு பை பிறகு ஒரு நிறுவனமானது. சூரிச்சின் ஓர்லிகான் பகுதியில் உள்ள சகோதரர்களின் ஆலையில் இன்று சேமித்த மழைநீரில் இயந்திரங்கள் தார்ப்பாய்களைத் துவைக்கின்றன. வெட்டுவது மட்டும் மனிதக் கை. ஒருவர் கண்ணாடிபோல ஊடே தெரியும் அச்சுத் தகட்டைத் தார்ப்பாயின்மேல் வைத்து நகர்த்துகிறார். நீலம் முடிந்து வெள்ளை தொடங்கும் இடம் பையின் மூடியில் வரட்டுமா, பக்கத்தில் வரட்டுமா? இன்னும் இரண்டு விரல் தள்ளினால் அந்த எழுத்து முழுதாக வந்துவிடும்; வேண்டாம், பாதியே போதும். பிறகு கத்தி. ஒன்றைப்போல இன்னொரு பை வராததற்குக் காரணம் அந்தத் தயக்கம்தான். ஸ்டைல் என்று கடையில் விற்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்தப் பையைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

*

விலை அதிகம். புதுத் துணியில் தைத்த சாதாரணப் பையைவிடப் பல மடங்கு. பழைய பொருள் மலிவாகக் கிடைக்கலாம்; அதைப் பிரித்து, கழுவி, பார்த்துப் பார்த்து வெட்டும் கைக்குக் கூலி உண்டு. நம் வீடுகளிலும் கிழிந்த பேன்ட்டின் காலை வெட்டிப் பை தைத்தார்கள். அந்தக் கைக்கு யாரும் கூலி கணக்கிடவில்லை. அந்தப் பையைப் பள்ளிக்குக் கொண்டுபோகக் கூச்சப்பட்டோம்.

*

ஒரு நெருடல் மீதி இருக்கிறது. லாரித் தார்ப்பாய் என்பது பாலியஸ்டர் துணியின்மேல் பிவிசி பூசியது. இரண்டையும் பிரிப்பது கடினம், மண்ணில் மட்காது. ஆக, பை குப்பையை ஒழிப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. எத்தனை வருடம் தள்ளிப்போடுகிறது என்பது தைத்தவரையும் தூக்குகிறவரையும் பொறுத்தது. அந்த நிறுவனமே பழுது பார்த்துத் தருகிறது; வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பையை மாற்றிக்கொள்ளவும் வழி செய்திருக்கிறது. புதுப் பை விற்பதைவிட இதைத்தான் நான் மெச்சுவேன்.

வீட்டில் உறுதியான பை ஒன்று இருந்தால், மறுசுழற்சிப் பை என்பதற்காக இன்னொன்று வாங்காதீர்கள். ஜிப் போயிருந்தால் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள்.